கோல நோட்டு இருந்தா ஸ்வெட்டர் டிசைன் ரெடி!

நம்ம தேவாரம் ஊர் வெயிலுக்கு உல்லன் எதுக்குன்னு நினைக்காதீங்க, தோழிகளே. போடிமெட்டு, கம்பம்மெட்டு மலை ஏறிட்டா குளிர் வெடவெடக்க வெச்சிடும். விடியக்காலையில ஜீப்ல ஏலத்தோட்டத்துக்குப் போறவங்களுக்குக் குல்லாவும் மஃப்ளரும் கண்டிப்பா வேணும். லீவுல இருக்கிற பிள்ளைங்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்து, டிசைனையும் நாமளே போட்டுக்கிட்டா காசும் மிச்சம், பிள்ளைங்க கைக்கு ஒரு வேலையும் பழகிடும்!

1. டிசைன் புத்தகத்துக்குச் செலவழிக்க வேண்டாம், மார்கழிக் கோல நோட்டை எடுங்க. நேர்ப்புள்ளி வெச்சுப் போடுற கட்டக் கோலமும் படிக்கோலமும் ஒரு புள்ளிக்கு ஒரு கண்ணின்னு அப்படியே பின்னலுக்கு வரும். சிக்குக் கோலத்தை மட்டும் விட்டுடுங்க, கண்ணியில வளைவு சரியா விழாது.

2. சதுரக் கட்டம் போட்ட கணக்கு நோட்டுல வரைஞ்சா, பின்னி முடிச்சதும் பூ சப்பையாத் தெரியும். கண்ணிக்கு உயரத்தைவிட அகலம் கூட. ஏறக்குறைய 5 கண்ணி அகலமும் 7 வரிசை உயரமும் சமம். 7 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரத்துல ஒரு பக்கம் கட்டம் கிழிச்சு, ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க.

3. கோலம் தெரியணும்னா ரெண்டு கலர் நூல் வாங்கத் தேவையில்லை. நல்ல பக்கம் முழுக்க நிட் போட்டு, புள்ளி வர்ற இடத்துல மட்டும் பர்ல் போடுங்க. ஒரே நூல்லயே டிசைன் புடைச்சுத் தெரியும், பின்னாடி நூல் தொங்குற தொல்லையும் இல்லை.

4. முதல்ல 30 கண்ணி போட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு மாதிரித் துண்டு பின்னி, நடுவுல 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணின்னு எண்ணுங்க. 20 கண்ணி வந்தா, 50 செ.மீ. தலைக்குக் குல்லா 45 செ.மீ. போதும், அதாவது 90 கண்ணி. டிசைன் 8 கண்ணிக்கு ஒரு தடவை திரும்பி வந்தா 88 போடுங்க, இடையில வெட்டுப்படாது.

5. ஊசி வாங்கும்போது நம்பர் கூடக்கூட ஊசி மெலிசுங்கிறதை மறந்துடாதீங்க: 6ஆம் நம்பர் 5 மி.மீ., 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ. போனி கம்பெனி ஊசி நம்ம நீலகிரி கேத்தியிலயே தயாராகுது, வெளிநாட்டு ஊசிக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

6. பிள்ளைங்களுக்கு அலுமினிய ஊசி வழுக்கும், மூங்கில் கண்ணியைப் பிடிச்சு நிறுத்தும். பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிசாச் சீவி, 20 செ.மீ.க்கு வெட்டி, முனையை மழுங்கலாக் கூராக்கி, உப்புத்தாள் தேய்ச்சு, மெழுகுவர்த்தி உரசுங்க. மறுமுனையில ரப்பர் பேண்ட் சுத்திட்டா கண்ணி நழுவாது.

7. மல்லிகைப் பூ கட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு நூலைச் சுழிச்சு இழுக்கிற பழக்கம் விரல்ல ஏற்கெனவே இருக்கு. முதல்ல ஊசியே கொடுக்காம, விரல்லயே சங்கிலி பின்ன விடுங்க. வந்த சங்கிலியைச் சடையில கட்டிவிட்டா, மறுநாள் ஊசியை அவங்களே கேட்பாங்க.

8. எதிர்ல உட்கார்ந்தா பிள்ளைக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும், பக்கத்துல உட்காருங்க. இடது கைப் பிள்ளைன்னா எதிர்ல உட்காருறதுதான் சரி. "நுழை, சுத்து, இழு, இறக்கு"ன்னு பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே பின்னினா கை தானாப் பழகிடும்.

9. முதல் வரிசைக் கண்ணியை நீங்களே போட்டுக்கொடுங்க. ஆரம்பத்துலயே அதைக் கத்துக்க வெச்சா சலிச்சுப்போகும். நூல் கொஞ்சம் தடிமனா, வெளிர் நிறமா இருக்கட்டும். கறுப்புலயும் கருநீலத்துலயும் கண்ணி நமக்கே தெரியாது.

10. வரிசை எண்ண மறந்துபோகுதா? பல்லாங்குழிப் பலகையில ஒரு புளியங்கொட்டையை வெச்சு, வரிசை முடிய முடிய அடுத்த குழிக்குத் தள்ளுங்க. மொத்தம் 14 குழி. 12 வரிசை டிசைன்னா 12 குழியோட திரும்பி வந்துடணும்.

11. பிள்ளைங்க பின்னுற மஃப்ளர் போகப்போக அகலமாகுதுன்னா, தவறு பெரும்பாலும் ஓரத்துலதான் இருக்கும். நூல் ஊசிக்கு மேல ஏறி நின்னா வரிசையோட முதல் கண்ணி ரெண்டாத் தெரியும், அதையும் சேர்த்துப் பின்னிடுவாங்க. திரும்பும்போதெல்லாம் நூலை ஊசிக்குக் கீழ இழுத்து விடச் சொல்லுங்க.

12. நிட் மட்டுமே போட்டு 20 கண்ணி, 40 வரிசை பின்னினா டேப் இல்லாமலே சதுரம் வந்துடும். ஆளுக்கு நாலு சதுரம் பின்னிச் சேர்த்துத் தைச்சா தொட்டில் போர்வை ரெடி. 2016 ஜனவரி 31 அன்னிக்கு சென்னையில 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' பெண்கள், பல கை பின்னின குரோஷே துண்டுகளைச் சேர்த்துத்தான் 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஆக்கி கின்னஸ்ல இடம்பிடிச்சாங்க!

13. 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம கம்பம் பன்னீர் திராட்சையைக் குல்லாவுல கொண்டுவரலாம். ஒரே கண்ணியில நிட், பர்ல், நிட், பர்ல், நிட்னு 5 எடுத்து, நாலை முதல் கண்ணிமேல தூக்கிப் போட்டா ஒரு பழம். கீழ ஒண்ணு, மேல ரெண்டு, மூணு, நாலுன்னு மூணு மூணு வரிசை இடைவெளி விட்டா கொத்து தயார்.

14. பழைய ஸ்வெட்டரைப் பிரிக்குமுன்னே தையலைப் பாருங்க. ஓவர்லாக் அடிச்சிருந்தா நூல் துண்டு துண்டாத்தான் வரும். நல்லதா வந்தா நாற்காலி முதுகுல சுத்தி, அங்கங்க கட்டி, நனைச்சு, கனம் தொங்கவிட்டுக் காயவைங்க. சுருக்கம் போய்ப் புது நூல் மாதிரி ஆகிடும்.

15. அடுப்படிக் கைப்பிடித் துணிக்குப் பருத்தி நூல் மட்டும்தான். அக்ரிலிக் சூட்டுல உருகிக் கையில ஒட்டும். சந்தேகமான நூல்ல ஒரு துணுக்கை நீங்களே இடுக்கியால பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க: அக்ரிலிக் கெட்டி முத்தாகும், கம்பளி முடி கருகின வாசம் வரும், பருத்தி காகிதம் மாதிரிச் சாம்பலாகும்.

16. பின்னி முடிச்ச ஒவ்வொரு டிசைனையும் நோட்டுல வரைஞ்சு, ஊசி நம்பர், கண்ணிக் கணக்கு எழுதி, ஒரு துண்டு நூலையும் ஒட்டிடுங்க. டிசைன் போட்ட பிள்ளையோட பேரையும் மேல எழுதுங்க. அடுத்த டிசைனை நீங்க சொல்லாமலே வரைய உட்கார்ந்துடுவாங்க.