நாமும் நாங்களும்

ஆங்கிலத்திலே தன்மைப் பன்மையைக் குறிக்க 'வீ' என்னும் சொல் ஒன்றே உளது. பேசுவோன் தன்னோடு பிறரைச் சேர்த்துக் கூறுமிடத்து, அப்பிறருள் கேட்போனும் அடங்குவனோ அடங்கானோ என்பதை அச்சொல் காட்டாது. தமிழோ இவ்விரண்டிற்கும் இருவேறு சொற்களை உடையது. கேட்போனையும் உட்படுத்துவது 'நாம்'. அவனை நீக்கிப் பேசுவது 'நாங்கள்'. இவற்றின் வேறுபாட்டையும் அதனால் ஆகும் பயனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தொல்காப்பியத்தில் யாம், நாம் என்னும் இரண்டும் தன்மைப் பன்மைப் பெயர்களாகக் கூறப்பட்டுள்ளன. 'நாங்கள்' என்பது அங்கு இல்லை. 'யாம்' என்பது 'கள்' விகுதி பெற்று 'யாங்கள்' ஆகிப் பின்னர் 'நாங்கள்' எனத் திரிந்தது. உருபேற்குங்கால் இச்சொல் 'எங்கள்' ஆதலே அதன் பழம்பிறப்பைக் காட்டும். வினைமுற்றிலும் இவ்வேறுபாடு முன்னர் இருந்தது. அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்பது நன்னூலார் கொள்கை. மேலே 'ஆராய்வாம்' என்று யாம் எழுதியதும் படிப்போரை உளப்படுத்தியே. இக்கால வழக்கிலோ 'ஓம்' ஒன்றே இருவகைக்கும் நிற்றலின், 'வந்தோம்' என்று மட்டும் கூறின், கேட்போனும் உடன்வந்தானோ என்பது விளங்காது. ஆகவே, முன்பு பெயரும் வினையும் பகிர்ந்து சுமந்த பொருளை இன்று பெயரே தனித்துச் சுமக்கின்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்குச் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரையே சான்று. முகத்துவாரத்தின் வழியாகக் கடலொடு கலக்கும் அவ்வுவர்நீர் ஏரியின் கரையிலே, கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை வழங்குகின்றது. பாடாவது, மீன்வளம் மிக்க நீர்ப்பகுதிகளில் வலையிடும் உரிமையை உரியவர்கள் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. அவருள் ஒருவர் மற்றொருவரிடம் 'நம் பாடு' எனின், இன்று உன் முறை, பின்னர் என் முறை என்பது அதனுள் அடங்கும். அவரே அயலாரை நோக்கி 'எங்கள் பாடு' எனின், உமக்கு இங்கே வலையிடும் உரிமை இல்லை என்பதே பொருள். உரிமை பெறாதாரும் அவ்வேரியையே நம்பிப் பிழைத்தலின், எச்சொல் வழங்கப்பெறுகின்றது என்பது அவர்தம் அடுப்பு எரிவதையும் எரியாததையும் பொறுத்ததாகும். இவ்விரண்டையும் ஆங்கில மனுவொன்றில் ஒரே சொல்லாற் பெயர்த்து எழுதினால், வழக்கின் உயிர்நிலையே மறைந்துபோம். ஏரியின் வடபுறத்தே வழங்கும் தெலுங்கோ 'மனமு', 'மேமு' என நம் மொழியைப் போலவே இவ்வேறுபாட்டைக் காத்துள்ளது.

பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை எழுப்பிய ஒல்லாந்தர் மொழியிலும், தரங்கம்பாடியில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஐயரின் ஜெர்மன் மொழியிலும், அவ்வேதத்தின் மூலமாகிய கிரேக்கத்திலும் இவ்வேறுபாடு இல்லை. ஆதலின், தமிழில் மொழிபெயர்ப்போர் அச்சொல் வருமிடந்தோறும் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியவராயினர். கர்த்தர் கற்பித்த ஜெபத்திலே பிதாவை 'எங்கள்' என்று சேர்த்து விளிக்கின்றோம். அங்கே கேட்பவர் பிதாவே. அவர் தமக்குத் தாமே பிதா அல்லராதலின் 'நம்' என்பது பொருந்தாது. நிருபங்களிலோ அப்போஸ்தலர் சபையாரை நோக்கி எழுதுங்கால், கர்த்தர் 'நம்முடைய' கர்த்தராகின்றார். எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் அவர் பொதுவானவர் அன்றோ?

பிரசங்க பீடத்தில் நிற்போர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 'நம் பாவங்கள்' என்போர் கேட்போருடன் தாமும் தாழ நிற்கின்றனர். 'எங்கள் சபை' என்போர் புதிதாய் வந்தவனைத் தம்மையறியாமலே வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றனர். எனவே, ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்த்தெழுதும் மாணவர்கள், 'வீ' என்னும் சொல்லைக் கண்டவுடன், கேட்போன் அதனுள் நிற்கின்றானோ புறத்தே நிற்கின்றானோ என வினவித் தெளிந்து, அதன்பின்னரே எழுதுதல் வேண்டும் என்பது எமது விண்ணப்பம்.