அந்த மண்ணைக் கொள்ளிடக் கரையில் கொட்டலாமா?

கேள்வி: திருச்சிக்கு வெளியே என் மகன் வீடு கட்ட மனை வாங்கியிருக்கிறான். முன்பு அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை இருந்ததாம். ஒரு மூலையில் கருப்பாகக் கசடு கிடக்கிறது. அதைச் சுற்றிப் புல்கூட முளைக்கவில்லை. “ஜேசிபி வைத்து ஓரடி மண்ணை வழித்துக் கொள்ளிடக் கரையில் கொட்டிவிட்டு, செம்மண் அடித்தால் போதும்” என்கிறார் மேஸ்திரி. பேத்திக்கு இரண்டு வயது. நம்பிச் செய்யலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள். மண்ணை வழித்தெடுப்பது தவறில்லை; கடைசியில் அதையேகூடச் செய்ய வேண்டி வரலாம். எவ்வளவு ஆழம், எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் வழித்தால், உங்கள் மனையின் நஞ்சு கரையோரம் விளையாடும் வேறொரு குழந்தைக்குப் போய்ச் சேரும். ஈயம் மக்குவதில்லை. பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். பேட்டரி ஆசிட்டைக் கொட்டிய இடத்தில் இன்னும் கீழே இறங்கியிருக்கலாம். ஆகவே அந்த ‘ஓரடி’ வெறும் ஊகம்தான்.

கொடைக்கானலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே பிரச்சினை பாதரசம். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலைக் கண்ணாடிக் கழிவு 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்தது. ஆலை மூடப்பட்டது, 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வழக்கும் வாதமும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடின. கழிவைக் கண்ட இடத்தில் போட்டால் அது ஊருக்குள்தான் வரும்.

உங்கள் மனைக்கு முதல் வேலை பரிசோதனை. வேளாண் துறையின் வழக்கமான மண் பரிசோதனை உரச்சத்தைத்தான் சொல்லும்; ‘மொத்த ஈயம்’ பார்க்கச் சொல்லி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேளுங்கள். கசடு கிடக்கும் மூலை, பேட்டரி உடைத்த இடம், வாசல், மனையின் நடு என ஒவ்வோரிடத்திலும் மேல்மண்ணைத் தனியாகவும், அரையடி ஆழத்து மண்ணைத் தனியாகவும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் கலந்துவிட்டால் கெட்ட இடம் மறைந்துபோகும். சாதாரண மண்ணில் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் ஈயம் இருக்கும். வீட்டு மண்ணுக்கு அமெரிக்கா வைத்திருந்த எச்சரிக்கை அளவு 400. 2024-ல் அதை 200 ஆகக் குறைத்தார்கள். பேட்டரிப் பட்டறை மண்ணில் அது ஆயிரக்கணக்கில் போவதுண்டு.

அளவு கூடுதலாக இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். மாசுபட்ட இடங்களுக்கென்றே 2025-ல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மனை வாங்கிய குற்றத்துக்காக உங்கள் மகன் தனியாக இதைச் சுமக்க வேண்டியதில்லை. கசடும் மிக மோசமான மண்ணும் அபாயகரக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்குத்தான் அவை போகவேண்டும். தோண்டும்போது மண்ணை நனைத்து, லாரியில் தார்ப்பாய் மூடிக் கொண்டுபோக வேண்டும். மாசு குறைந்த பகுதியை நல்ல மண்ணாலோ காங்கிரீட்டாலோ மூடிவிடலாம். அங்கே கீரையும் கிழங்கும் மட்டும் போடாதீர்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், செனகல் நாட்டின் டக்கார் அருகே, மண்ணில் கிடந்த பேட்டரி ஈயத்தை மக்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலுமாக அங்கே 18 குழந்தைகள் இறந்தன. விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பாதியைச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் கூடும். பேத்தி ஏற்கெனவே அந்த மனையில் விளையாடியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனைக்குப் போய்வரும் உங்கள் மகனும் செருப்பை வாசலிலேயே விட்டு, உடை மாற்றி, கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்.