வண்டி ஆசை வற்றிப்போனதா?

“உண்மையான பைக் பிரியருக்கு வண்டி ஒருநாளும் சலிக்காது.” இந்தப் பேச்சை நம்பியே பலர், ஆசை விட்டுப்போனதும் தங்களையே நொந்துகொண்டு வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

யாருக்கும் சலிக்கும். ஆஸ்திரேலியரான கேசி ஸ்டோனர் 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் மோட்டோஜிபி உலக சாம்பியன். பந்தய உலகத்தின் மீதிருந்த ஈடுபாடு போய்விட்டது என்று அறிவித்து, 2012 முடிவில், 27 வயதிலேயே விலகினார். ஆனால் வண்டியை விடவில்லை. ஹோண்டாவுக்கும் பிறகு டுகாட்டிக்கும் சோதனை ஓட்டுநராகப் பல ஆண்டுகள் ஓட்டினார். எது கசந்தது, எது கசக்கவில்லை என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். ஞாயிறுதோறும் இருட்டோடு எழுந்து குரூப் ரைடு, முன்னால் போகிறவரின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது, கிலோமீட்டர் கணக்கு, போட்டோ. இவற்றைக் கழித்தபின் மிஞ்சுகிற ஓட்டம் பலருக்கு இன்னும் பிடித்தே இருக்கும்.

“லடாக் ஒருமுறை போய்வந்தால் சரியாகிவிடும்” என்பது அடுத்த நம்பிக்கை. அங்குள்ள கர்துங் லா கணவாயின் பலகை 18,380 அடி என்று நெடுங்காலம் சொல்லிவந்தது. உண்மையான உயரம் சுமார் 17,580 அடிதான். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. களைத்துக் கிடப்பவர் மீண்டும் தொடங்க ஏற்ற இடமல்ல அது.

பெரிய வண்டி வாங்கினால் ஆசை திரும்பும் என்பதும் அப்படித்தான். எடையும் மாதத் தவணையும் கூடும், அவ்வளவே.

எல்லோரும் கவனிக்கத் தவறுவது உடம்பை. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். மணிக்கணக்கில் அதைக் கேட்டால் காதும் தலையும் ஓய்ந்துபோகும். வெயிலில் நீர் வற்றினால் எரிச்சல் வரும். இதையெல்லாம் மனம் வெறுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். வேகத்தைக் குறையுங்கள், தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள். மறுநாளே வித்தியாசம் தெரியும்.

“கை பழக்கம் விட்டுப்போச்சு” என்பதில் பாதி வண்டியின் குறை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டயர் காற்று இறங்கியிருக்கும். ஹேண்டில் கனக்கும், வளைவில் வண்டி இழுக்கும். முதலில் காற்றைச் சரிபாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு. டயர் பழசாகி ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். காய்ந்த செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். மீதிப் பாதி நிஜமாகவே நம்முடையது. ஆளில்லாத மைதானத்தில் அரை கிளட்சில் மெதுவாகத் திரும்புவதையும், முன் பிரேக்கைச் சீராக அழுத்தி நிறுத்துவதையும் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.

வண்டி மட்டுமல்ல, சாப்பாடு, பாட்டு, பிள்ளைகளோடு பேச்சு என எதுவுமே வாரக்கணக்கில் பிடிக்கவில்லை என்றால், காரணம் வண்டியில் இல்லை. தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.