வெடிக்கும் கைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மார்கழி, தை மாதங்களில் கண்டியின் இரவு வெப்பம் 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். வறண்ட காற்றும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் கலஹா, தெல்தோட்டை, ஹந்தான பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கோடு கோடாக வெடிப்பு. அதற்குள் கொழுந்துச் சாறு இறங்கிக் கறுத்திருக்கும். நகரத்தில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர்களுக்கும் தாதிமாருக்கும் இதே தொல்லைதான். தப்பான நம்பிக்கைகள் அதை இன்னும் வளர்க்கின்றன.

நம்பிக்கை: உடம்புச் சூட்டால்தான் கை வெடிக்கிறது.
உண்மை: பெரும்பாலும் காரணம் வெளியில் இருக்கிறது: தண்ணீர், சவர்க்காரம், குளிர்காற்று, ஓயாத உராய்வு. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது; அதனால் அங்கே வறட்சி சுலபமாக வரும். சிறுவயதில் கரப்பான் இருந்தவர்களுக்கும் தைரொய்ட் சுரப்பு குறைந்தவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் வரும். இளநீர் உடம்புக்கு நல்லது, ஆனால் வெடிப்பை மூடாது.

நம்பிக்கை: நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் கை எப்படிக் காயும்?
உண்மை: அந்தக் கைதான் முதலில் காயும். தோலின் மேல்படையில் உள்ள கொழுப்புதான் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. திரும்பத் திரும்ப நனைந்தால் அந்தப் படை ஊறித் தளர்கிறது. சவர்க்காரம் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. சுடுநீர் என்றால் இன்னும் வேகமாக.

நம்பிக்கை: கொழுந்துக் கறையைத் தேசிக்காய் தேய்த்து எடுக்கலாம்.
உண்மை: தேசிக்காய்ப் புளிப்பு வெடிப்பில் பட்டால் புண்ணாகும். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழும்பி, பிறகு கரும் தழும்பாக நிற்கும். துணி துவைக்கும் தூளும் கைக்கு ஆகாது. கறை சில நாளில் தானே மங்கும். கொஞ்சம் எண்ணெய் தடவி, மெல்லிய சவர்க்காரத்தால் கழுவினால் போதும்.

நம்பிக்கை: விலை கூடிய கிரீம்தான் கேட்கும்.
உண்மை: பிலிப்பைன்ஸில் 34 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், தோல் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்குச் சமமாகவே வேலை செய்தது. முக்கியம் நேரம்தான்: கை கழுவி ஒற்றியெடுத்து, ஈரம் முழுதாகக் காயுமுன் தடவ வேண்டும். ஆழமான வெடிப்புக்கு இரவில் வாசலின் தடித்துப் பூசி, பருத்திக் கையுறையோ சுத்தமான பழைய காலுறையோ போட்டுக்கொண்டு படுங்கள்.

நம்பிக்கை: சவர்க்காரத்தை விட சானிடைசர்தான் கையைக் கெடுக்கும்.
உண்மை: வெடித்த இடத்தில் அது எரியும், அந்த எரிச்சலைப் பார்த்துத்தான் அதைக் குற்றம் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் தோலைக் காக்கவே 1.45 வீதம் கிளிசரின் சேர்க்கிறார்கள். கையில் அழுக்கு இல்லாதபோது, அடிக்கடி சவர்க்காரம் போடுவதை விட அது தோலுக்கு இதமானது.

நம்பிக்கை: வேலை செய்கிற கை வெடிக்கத்தான் செய்யும், பார்மசியில் ஒரு களிம்பு வாங்கினால் சரி.
உண்மை: கேட்டு வாங்கும் களிம்பில் ஸ்டீரொய்ட் இருக்கலாம். வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். பூஞ்சையால் வரும் படையாக இருந்தால் அதை மறைத்துப் பரப்பிவிடும். ஒரு கை மட்டும் உரிந்து, பாதங்களிலும் செதில் இருந்தால் படையைச் சந்தேகியுங்கள். சீழ், வீக்கம், விடாத அரிப்பு இருந்தாலோ, இரண்டு வாரம் எண்ணெய் பூசியும் ஆறாவிட்டாலோ, கண்டி தேசிய வைத்தியசாலையின் அல்லது பேராதனை போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்கைக் கேட்டுப் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு கேட்க மாட்டார்கள்.

இந்த மலைகளில், லூல்கந்துரத் தோட்டத்தில், 1867இல் தொடங்கியது இலங்கையின் தேயிலைத் தொழில். அன்றிலிருந்து அது நிற்பது கைகளின் மேல். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சுத்தமான தண்ணீரும், மெல்லிய சவர்க்காரமும், ஒரு டப்பா வாசலினும் வைப்பது தோட்ட நிர்வாகங்களுக்குப் பெரிய செலவே இல்லை. தொழிலாளர்கள் அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.