உகாண்டா போகும் முன்

கேள்வி: எங்கள் சபையார் ஆறு பேர் உகாண்டாவில் ஊழியப் பங்காளிகளையும் கிராமச் சபைகளையும் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டு போகலாம்?
– வாசகர், நாசரேத்

பதில்: முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. அங்கே இறங்கும்போதும் கேட்பார்கள், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம். தானம் கொடுக்க அல்ல, பங்காளிகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள். 1877இலேயே மிஷனரிகள் போய் இறங்கிய தேசம் அது. நாம் போய்த் தொடங்கிவைக்க ஒன்றுமில்லை.

ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். காசில்லாதவர்கள் காணிக்கையாக வைத்த முட்டை, வாழைத்தார், கால் கட்டிய கோழி எல்லாம் ஏலத்துக்கு வரும். சாட்சாத் நம்மூர் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம்தான்! சில்லறை ஷில்லிங் கையில் இருக்கட்டும். கேளுங்கள், ஆனால் விலையை ஏற்றிவிட்டு ஊர்க்காரரை வாயடைக்க வைக்காதீர்கள். கோழியை உங்களுக்கே பரிசாகக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். பிளேனில் விடமாட்டார்கள் என்று மறுக்காமல் இரு கையாலும் வாங்கி, லுகாண்டா பேசும் ஊரானால் ‘வெபாலே’ என்று நன்றி சொல்லுங்கள். பிறகு போதகரம்மாவிடம் சேர்த்துவிடலாம்.

‘இரண்டு வார்த்தை பேசுங்கள்’ என்பார்கள். இரண்டே பேசுங்கள். மொழிபெயர்த்தால் நாலாகும்.