இங்கிலீஷ் கேம்ப்புக்கு வெளிநாடு போகுமுன்: நோணாங்குப்பத்திலிருந்து சில குறிப்புகள்

நம் பாண்டிப் பக்கத்தில் பிள்ளைகள் பிரெஞ்சு கற்க எங்கேயும் போக வேண்டாம். 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் டவுனிலேயே இருக்கிறது. பிரான்சில் சித்தப்பா, அத்தை என்று சொந்தமும் பல வீடுகளுக்கு உண்டு. இங்கிலீஷ் என்று வந்தால்தான் பிரிட்டன், அயர்லாந்து, மால்டா என்று லீவு கேம்ப் விளம்பரமாக வாட்ஸ்அப்பில் வந்து குவிகிறது. அனுப்பலாமா என்று யோசிக்கும் அப்பா அம்மாவுக்கும், அனுப்பாமலே சமாளிக்க நினைப்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள். பிரிட்டனில் கோடை கேம்ப் பெரும்பாலும் ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை நடக்கும். நமக்கோ ஜூனில் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். அதனால் ‘சம்மர் கேம்ப்’ என்று கேட்காதீர்கள். ‘மே மாதம் இந்த வயதுப் பிள்ளைக்கு வகுப்பு உண்டா’ என்று கேளுங்கள். வருஷம் முழுக்க நடத்தும் பள்ளிகள் சில உண்டு. ஜூலை, ஆகஸ்ட் கூட்டம் இல்லாத மாதத்தில் கட்டணத்தையும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

2. பிள்ளைக்கு இப்போது எவ்வளவு இங்கிலீஷ் வரும் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் தளத்தில் இலவசத் தேர்வு இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனியாகவும் உண்டு. அந்த முடிவைப் பள்ளிக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால், முதல் நாளே தப்பான வகுப்பில் உட்கார வேண்டியிருக்காது.

3. பிரிட்டனில் உள்ள பள்ளி என்றால் ‘அக்ரெடிட்டேஷன் யுகே’ பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தும் இந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். மால்டாவுக்கு ‘ஃபெல்டாம்’ என்ற பள்ளிகள் சங்கம் இருக்கிறது. பட்டியலில் இல்லாத பள்ளிக்கு எந்த ஏஜென்ட் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று போனை வைத்துவிடுங்கள்.

4. விளம்பரத் தாளில் கோட்டையும் குதிரையும் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாடம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், எந்தெந்த நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பொதுவாக வாரம் 15 மணி நேரம் பாடம் இருக்கும், மிச்சம் விளையாட்டும் ஊர் சுற்றலும். நம் ஊரிலிருந்தே முப்பது பேர் கூட்டமாகப் போகிற குரூப்பில் சேர்த்தால், பிள்ளை அங்கேயும் தமிழில்தான் அரட்டை அடிக்கும். விமான டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் தண்டம்.

5. தங்குவதற்கு ஹாஸ்டலா, அங்குள்ள ஒரு குடும்பத்தின் வீடா என்று கேட்பார்கள். பேச்சு வரவேண்டும் என்றால் வீடுதான் என் ஓட்டு, பல இடங்களில் செலவும் குறைவு. ஆனால் அந்த வீட்டாரின் போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா, ராத்திரி எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், அதே வீட்டில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையைப் போடுவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. பாஸ்போர்ட்டைக் கடைசி நிமிஷத்துக்கு வைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 5 வருஷம் அல்லது 18 வயது முடியும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். 15 வயது முடிந்திருந்தால் 10 வருஷ பாஸ்போர்ட்டே கேட்கலாம். பதினாலரை வயதுப் பிள்ளைக்கு அவசரம் இல்லையென்றால் அந்த ஆறு மாதம் பொறுப்பது லாபம்.

7. ஒரே வீட்டில் அண்ணன் பிள்ளைக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், தம்பி பிள்ளைக்கு இந்திய பாஸ்போர்ட் என்பது நம் பக்கத்தில் புதுசு இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட்காரருக்கு பிரிட்டன் போக விசா வேண்டாம், ஆனால் 2025 ஏப்ரல் முதல் ‘ஈடிஏ’ அனுமதி ஆன்லைனில் வாங்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு முழு விசா. பாரிஸ் அத்தை வீட்டுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு லண்டன் ரயில் ஏற முடியாது, இதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

8. ஆறு மாதத்துக்குக் குறைவான இங்கிலீஷ் வகுப்புக்கு பிரிட்டனில் சாதாரண விசிட்டர் விசாவே போதும், பள்ளி மட்டும் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். தனியாகப் போகும் பிள்ளைக்கு அப்பா அம்மாவின் சம்மதக் கடிதம், அங்கே யார் பொறுப்பு, எங்கே தங்கல் என்ற விவரம் எல்லாம் கேட்பார்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களுக்குச் சான்றளித்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே வாங்கிவிட்டால், சென்னைக்கு இன்னொரு நடை மிச்சம்.

9. பணம் கட்டுமுன் ‘விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும்’ என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். தங்கல், சாப்பாட்டோடு வாரம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும் இடங்கள் சாதாரணம் என்பதால், இந்த ஒரு மெயில் பெரிய தொகையைக் காப்பாற்றும். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் பாங்க் ‘டிசிஎஸ்’ பிடித்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

10. பிளக் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும். சதுரக் கால் மூன்று உள்ள அந்த வகைதான் பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லா இடத்துக்கும். நம் ஊரிலேயே வாங்கிவிடுங்கள், விமான நிலையக் கடையில் விலை கேட்டால் தலை சுற்றும்.

11. லண்டனில் மணி என்ன என்று பார்க்க போனைத் தேட வேண்டாம். முள் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் அவர்களுடைய குளிர்கால நேரம் தெரியும், கோடையில் அதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே பகல் 12 என்றால் தலைகீழில் ஆறரை, ஒன்று கூட்டினால் ஏழரை. பிள்ளை காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரம், நாம் பேசவும் தோதான நேரம்.

12. ஆனால் அந்த ஒரு போன் போதும். ‘சாப்பிட்டியா, என்ன குழம்பு’ என்று வேளைக்கு ஒரு தடவை கூப்பிட்டால் பிள்ளை மனசு இங்கேயே கிடக்கும், வாயில் இங்கிலீஷ் ஏறாது. அப்பாயி, அம்மாச்சி எல்லோரும் பேச ஆசைப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒரு வீடியோ கால் வையுங்கள்.

13. பெட்டியில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் போகட்டும். நெய், பால்கோவா, நெய்யில் செய்த பலகாரம், கறி வகைகள் வேண்டாம்; நம் நாட்டிலிருந்து பாலும் கறியும் சேர்ந்த பண்டங்களை பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கருவாட்டுக்குத் தடை இல்லை என்பது உண்மைதான், இருந்தாலும் தங்கப்போகிற வீட்டு அம்மாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

14. குளிர் ஜாக்கெட் புதுசாக வாங்காதீர்கள். பிரான்சிலிருந்து வந்த சொந்தக்காரர் வீட்டு பீரோவில் ஒன்றுக்கு இரண்டு தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். மடித்தால் கைக்குள் அடங்கும் மழைக்கோட்டு மட்டும் சொந்தமாக இருக்கட்டும், அந்த ஊர்க் காற்றில் குடை நிற்காது.

15. துணி துவைப்பது பெரும்பாலும் வாரம் ஒரு தடவைதான். உள்ளாடையும் சாக்ஸும் எட்டு நாளுக்கு இருந்தால் மற்றது நாலு செட் போதும். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் அழியாத மார்க்கரால் பெயர் எழுதிவிடுங்கள்.

16. மாத்திரைச் சீட்டில் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், அங்கே யாருக்கும் புரியாது. ‘பாராசிட்டமால்’ என்பது போல மருந்தின் பெயரை டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். மாத்திரை அட்டையைப் பிரிக்காமல் அப்படியே வைப்பது நல்லது.

17. தங்கும் வீட்டுக்குப் பரிசா? வில்லியனூர் சுடுமண் பொம்மை அழகுதான், ஆனால் பெட்டியில் உடையும், கனமும் கூட. ஆசிரமத்துக் கைக்காகிதத்தில் செய்த நோட்டுப் புத்தகமோ வாழ்த்து அட்டையோ கிராம் கணக்கில்தான் எடை. விலையும் கையைக் கடிக்காது.

18. நம் வீட்டில் அம்மாவிடம் தண்ணீர் கேட்க யாரும் ‘ப்ளீஸ்’ போடுவதில்லை, போட்டால் சிரிப்போம். அங்கே போடாவிட்டால் திமிர் என்று நினைப்பார்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ‘குட் ஐ ஹேவ் சம் மோர், ப்ளீஸ்’, ‘நோ, தேங்க் யூ, ஐ டோண்ட் ஈட் பீஃப்’ என்று இங்கிலீஷிலேயே கேட்டால்தான் சாம்பார் என்று வையுங்கள். இலக்கணப் புத்தகம் முழுக்கப் படித்ததைவிட இது உதவும், கூச்சமும் அங்கே போகுமுன் நம் அடுப்படியிலேயே தெளிந்துவிடும்.

19. இனி, அனுப்ப முடியாதவர்களுக்கு. நமக்கு வாய்த்தது சுண்ணாம்பாறு போட் ஹவுஸ். பெரியவர் ஒருவர் கூட இருக்க, பாரடைஸ் பீச்சுக்குப் படகு எங்கே, டிக்கெட் எங்கே, திரும்பி வர எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று வழி கேட்பவர்களுக்குப் பிள்ளையையே பதில் சொல்ல விடுங்கள். மே மாத வெயிலில் வெள்ளைக்காரர்கள் குறைவு, பெங்களூர்க் கூட்டம்தான் அதிகம். அதனால் என்ன, அவர்களிடமும் இங்கிலீஷில்தானே பேசியாக வேண்டும்!

20. மொட்டை மாடி கேம்ப் போடுங்கள். தெருவில் ஏழெட்டு வீடு சேர்ந்து ஓய்வு பெற்ற இங்கிலீஷ் டீச்சர் ஒருவருக்குச் சம்பளத்தைப் பங்கிட்டால், ஒரு வீட்டுக்கு வரும் செலவு ட்யூஷன் பீஸில் பாதிகூட ஆகாது. காலை டிபனிலிருந்து பதினோரு மணி வரை தமிழ் பேசினால் வார்த்தைக்கு ஒரு ரூபாய் உண்டியலில். சனிக்கிழமை உண்டியலை உடைத்து எல்லோருக்கும் ஐஸ்கிரீம். டீச்சருக்கும் அதே விதி என்றால் பிள்ளைகளுக்கு உற்சாகம் கூடும், அவரை மாட்டிவிடவே கேள்வி கேட்டுத் துளைப்பார்கள்.

21. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ இலவசம், ஒன்று ஆறு நிமிஷம்தான். டவுன் பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் ஒன்றைக் கேட்டு முடிக்கலாம். பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன்இங்கிலீஷ் டீன்ஸ்’ தளமும் காசில்லாமல்தான் கிடைக்கிறது.

22. மகாத்மா காந்தி ரோடு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இங்கிலீஷ் கதைப் புத்தகம் கண்ணில் பட்டால் பேரம் பேசி வாங்குங்கள். ரங்கப்பிள்ளை வீதி ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-இல் தொடங்கியது, அங்கே பிள்ளை பெயரில் ஒரு உறுப்பினர் அட்டை இருந்தால் லீவு முழுக்கப் படிக்கப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை.

23. கேம்ப் முடிவில் தரும் சர்டிபிகேட் ஆல்பத்தில் வைக்கத்தான் ஆகும், ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்கு ஈடாகாது. அந்த மதிப்பெண்ணும் இரண்டு வருஷம்தான் செல்லும் என்பதால், பதினாலு வயதுப் பிள்ளையை இப்போதே எழுத வைப்பது வீண் செலவு. சான்றிதழ் வேண்டும் என்றால் கேம்பிரிட்ஜின் ‘பி1 ப்ரிலிமினரி ஃபார் ஸ்கூல்ஸ்’ போல காலாவதித் தேதி இல்லாத தேர்வைப் பாருங்கள்.

24. இந்த ஜூனில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ போகிற பிள்ளை என்றால் லண்டனை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். இந்த லீவுக்கு மொட்டை மாடியும் சுண்ணாம்பாறும் போதும்.