உடம்புக்குள் ஒரு வரவு செலவுக் கணக்கு

மாவுச்சத்தோ கொழுப்போ மிஞ்சினால் உடம்பு அதைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இடுப்பைப் பார்த்தாலே தெரியும்! ஆனால், பருப்பிலும் பாலிலும் மீனிலும் உள்ள புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களுக்கு அப்படித் தனிக் கிடங்கு கிடையாது. இருந்தும், ஏகாதசி விரதம் இருக்கும் பாட்டியின் ரத்தத்திலும், கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வரும் பேரனின் ரத்தத்திலும் அவற்றின் அளவு ஓர் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. எப்படி?

உடம்பு தன்னையே ஓயாமல் உடைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதம் உடைந்து, ஏறக்குறைய அதே அளவு மறுபடி உருவாகிறது. நாம் உண்பதோ பெரும்பாலும் 50, 60 கிராம்தான். மீதியெல்லாம் பழைய செங்கல்லை எடுத்துப் புதுச் சுவர் கட்டுவதுதான்.

சாப்பிட்டதும் அமினோ அமிலங்கள் முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. மிகுதியானவற்றிலிருந்து நைட்ரஜன் பிரிகிறது. அதனால் உண்டாகும் அம்மோனியா மூளைக்கு நஞ்சு. ஆகவே கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இந்தச் சுழற்சியை 1932-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்சும் கர்ட் ஹென்செலைட்டும் கண்டறிந்தனர். பட்டினியில் வேலை தலைகீழ். தசை தன் புரதத்தை உடைத்து அலனினையும் குளூட்டமினையும் ரத்தத்தில் விட, கல்லீரல் அலனினிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கிறது. நாம் தூங்கும்போதும் இது நடக்கிறது.

ஒவ்வொரு செல்லிலும் காவலாளிகள் உண்டு. லியூசின் போன்றவை நிறைந்திருந்தால் எம்டார் என்னும் புரதம் 'கட்டு' என்கிறது. ஏதாவது ஒன்று குறைந்தாலும் ஜிசிஎன்2 என்னும் நொதி புரத உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது. செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று செரிக்கவும் செய்யும். இதை ஆராய்ந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இருபதில் ஒன்பது அமினோ அமிலங்களை உணவிலிருந்துதான் பெறவேண்டும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இட்லியில் இரண்டும் சேர்ந்து ஈடுகட்டிக்கொள்கின்றன.

கணக்கில் ஒரே ஒரு நொதி தவறினால் என்ன ஆகும்? பினைல்அலனினை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி சில குழந்தைகளுக்கு வேலை செய்வதில்லை. பினைல்அலனின் ரத்தத்தில் பல மடங்கு ஏறி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. 1934-இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இதைக் கண்டுபிடித்தார். பெற்றோர் இருவரும் பழுதுள்ள மரபணுவைத் தந்தால்தான் நோய் வரும். அவர்களிடம் எந்த அறிகுறியும் இராது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம்.

பிறந்தபோது குழந்தை நன்றாகவே இருக்கும். குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும், கண்டுபிடித்துவிடலாம். முதல் சில வாரங்களிலேயே பினைல்அலனின் குறைந்த தனி உணவைத் தொடங்கி, விடாமல் தொடர்ந்தால் மூளை நன்கு வளரும். நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் இச்சோதனையைத் தாமாகச் செய்வதில்லை. பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அஸ்பார்டேம் கலந்த சர்க்கரையில்லா இனிப்புகளின் உறையில் இந்நோயாளிகளுக்கென்று பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். அஸ்பார்டேமில் பினைல்அலனின் இருப்பதுதான் காரணம்.